விகோவின் ஐம்பதாவது பிறந்தநாள்

ஜெர்மன்காரர்கள் டென்மார்க்கைப் பிடித்திருந்த காலத்தில், எங்கள் கடற்கரையில் பங்கர் கட்ட அவர்களுக்குச் சரளை விற்றவர் விகோ தோர்சன். சரளை ஏற்றிப் போக அவர்கள் கொடுத்த பெட்ரோலில் மிச்சம் பிடித்து, அவர்களை எதிர்த்த ரகசியக் குழுவுக்கும் விற்றார். ஊரில் இது தெரியாதவர் சரளை வாங்கிய கேப்டன் ஹெல்ம் மட்டும்தான். தெரிந்திருந்தும், போர்க்காலத்தில் வேறெங்கும் கிடைக்காத விகோ வீட்டு அசல் காபியை நாங்கள் விடவில்லை. நான் பள்ளி ஆசிரியன், அறநூல்கள் படித்தவன். இரண்டாவது கோப்பை முடிவதற்குள் அவருக்கு ஒரு நியாயம் கண்டுபிடித்துவிடுவேன்.

எங்கள் பக்கம் ஒருவருக்கு ஐம்பது வயது நிறைந்தால் பத்திரிகையில் செய்தி வரும். அழைப்பு கிடையாது, பார்த்தவர்கள் எல்லாம் வரலாம். வேண்டாம் என்பவர்கள் ‘அன்று ஊரில் இல்லை’ என்று ஒரு வரி சேர்ப்பார்கள். விகோ சேர்க்கவில்லை. பரிசுகள் வருமே.

அன்று பிறந்தநாளுக்கான கொடி ஏற்றி, மேசை நிறையக் கேக் வைத்திருந்தார்கள். ரகசியக் குழுவுக்குப் பெட்ரோல் வாங்கிப் போகும் பால்பண்ணை லௌஸ்ட் சுருட்டுப் பெட்டியோடு வந்தார். பின்னாலேயே பிராந்தியோடு கேப்டன் ஹெல்ம். யாரோ அவருக்குப் பத்திரிகையைப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். காலி நாற்காலி லௌஸ்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. பிறந்தநாள்காரரைக் கிண்டல் செய்து பாட்டெழுதி, எல்லோரும் சேர்ந்து பாடுவது எங்கள் வழக்கம். விகோவின் மனைவி பெட்ரேயா எழுதியிருந்தார். பாட்டை நடுவில் நிறுத்தும் தைரியம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. மூன்றாவது சரணத்தில் விகோவின் லாரி நிறைந்த பெட்ரோல் தொட்டியோடு போய், தாகத்தோடு திரும்பியது. ‘என் பங்கை யார் குடித்தது?’ என்று கேட்டது. லௌஸ்டும் பாடினார். நான் சத்தமாகவே பாடினேன்.

“எதுக்குச் சிரிக்கிறாங்க?” என்றார் எங்கள் மொழி அரைகுறையாகத் தெரிந்த கேப்டன்.

உண்மை தெரிந்தால் விகோவைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிடுவார்கள்.

“என் லாரியைத்தான் கிண்டல் பண்றாங்க, கேப்டன். தொட்டி ஓட்டை. பெட்ரோல் ஒழுகிக்கிட்டே இருக்கு.”

“இதை ஏன் சொல்லலை? நாளைக்குக் காலையிலேயே என் மெக்கானிக்கை அனுப்புறேன். என் பரிசுன்னு வச்சுக்கோங்க.”

தொட்டியோ புத்தம் புதியது. விருந்தினர்கள் கிளம்பியதும் விகோ உளியோடு லாரிக்கு அடியில் படுத்தார். லௌஸ்ட் வாளியைப் பிடித்தார்.

“செலவு வைக்காத பொய்யா ஒண்ணு சொல்லக் கூடாதா, விகோ?”

“நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?”

“மெட்டு நல்லா இருந்துச்சு.”

“என் பாட்டு நல்லா இருக்குன்னு இன்னிக்குத்தான் ஒருத்தர் வாயிலேர்ந்து வருது,” என்றார் பெட்ரேயா வாசலிலிருந்து.

மறுநாள் மெக்கானிக் ஓட்டையைப் பற்றவைத்தான், சந்தேகப்படவில்லை. உயிர் தப்பியது, வியாபாரம் தப்பவில்லை. ஒழுக்கு நின்ற லாரிக்குக் கேப்டன் பெட்ரோலைப் பாதியாகக் குறைத்துவிட்டார். லௌஸ்டுக்கு விற்க ஒரு சொட்டு மிஞ்சவில்லை.

போர் முடிந்து, ஜெர்மன்காரர்களோடு வியாபாரம் செய்தவர்கள் மேல் விசாரணை வந்தது. நாட்டுக்காக என்ன செய்தாய் என்று விகோவைக் கேட்டார்கள்.

“ஒரு நாசவேலை பண்ணியிருக்கேன். லௌஸ்ட் சாட்சி. லாரி யாரோடதுன்னு மட்டும் கேட்காதீங்க.”

சிரித்துவிட்டு அபராதம் போட்டார்கள்.

தன் அறுபதாவது வயதுச் செய்தியில் விகோ ‘அன்று ஊரில் இல்லை’ என்று மறக்காமல் சேர்த்திருந்தார். நாங்கள் போனோம். கதவு பூட்டியிருந்தது, உள்ளிருந்து காபி வாசனை வந்தது. ஜன்னலுக்குக் கீழே நின்று மூன்றாவது சரணத்தைத் தொடங்கினோம். இரண்டாவது வரியில் கதவு திறந்தது.