பதிமூன்றாவது பிள்ளை

இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. ஐடா பென்ரித் தன் வாழ்நாளில் இதை இரண்டே முறைதான் சொன்னாள். இரண்டு முறையும் அட்சரம் பிசகாமல் ஒரே மாதிரிதான் சொன்னாள். நடந்தது நள்ளிரவில் அல்ல. பட்டப்பகலில், ஊரே கூடியிருந்தபோது.

ஆஸ்திரேலியாவில் மெரின்டல் என்றொரு சிற்றூர். 1911 மார்ச் 18, சனிக்கிழமை, ஊர்த் திருவிழா. மைதானத்தில் பாண்டு வாத்தியம், மரம் வெட்டும் போட்டி, குதிரைப் பந்தயம். பெரிய கூடாரத்துக்குள் கொழுகொழு குழந்தைப் போட்டி. அதற்கு நடுவர் ஐடா. ஊருக்கு மருத்துவச்சியாக வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. உள்ளூரில் வேறு யாரும் அந்த வேலைக்கு முன்வரவில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை.

கூடாரத்துக்குள் அனல். எங்கு பார்த்தாலும் ஈ. பன்னிரண்டு தாய்மார்களும் அவளைக் கண்ணாலேயே எரித்தார்கள்.

“உன் தராசு பொய் சொல்லுது நர்ஸம்மா! என் பையன் நேத்து இருபது பவுண்டு!” என்றாள் கொல்லன் மனைவி நோரா.

“நேத்து மாவு மூட்டையை நிறுத்திருப்படி” என்றாள் பக்கத்தில் நின்றவள்.

“வெளியூர்க்காரிக்கு நம்ம பிள்ளைங்க அருமை எங்க தெரியப்போவுது!”

ஐடா அடுத்த பிள்ளையைத் தட்டில் வைத்தாள். பன்னிரண்டு பெயர், பன்னிரண்டு எடை. எழுதி முடித்தபோது மணி இரண்டு இருபது.

“இன்னும் ஒண்ணு இருக்கு.”

வரிசையின் கடைசியில் ஒருத்தி. இளம்பெண். சாம்பல் நிறச் சால்வையில் சுற்றிய பிள்ளையை மார்போடு அணைத்திருந்தாள். மற்ற பெண்கள் யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. நகர்ந்து வழியும் விடவில்லை. ஆனாலும்... அவள் தராசருகே வந்து நின்றுவிட்டாள்.

“உங்க பேரு பட்டியல்ல இல்லையேம்மா.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னாங்க.”

ஐடாவுக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளையை வாங்கித் தட்டில் வைத்தாள். அந்த அனலிலும் சால்வை ஜில்லென்று இருந்தது. பிள்ளை அழவில்லை. கூடாரமெங்கும் மொய்த்த ஈயில் ஒன்றுகூட அதன்மேல் உட்காரவில்லை.

தராசு முள் ஒன்பது பவுண்டில் நின்றது.

பிறகு... எட்டு.

தராசு கெட்டுவிட்டதோ? விரலால் தட்டினாள். க்ரீச்... ஏழு.

“என்னம்மா இது... எடை இறங்குதே!”

“அப்படித்தான் இறங்குச்சு. கல்யாண மோதிரம் இல்லாதவளுக்கு இந்த ஊர்ல வேலையும் இல்ல, பாலும் இல்ல. தினம் கொஞ்சம்... தினம் கொஞ்சம்...”

க்ரீச். ஐந்து.

ஐடா பிள்ளையைத் தூக்கக் குனிந்தாள். முடியவில்லை. அந்தப் பெண் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள்.

“தூக்காதே. நின்னு பாரு. போன வருஷ நர்ஸும் நின்னுதான் பாத்தா.”

மூன்று.

பாண்டுச் சத்தம் கேட்கவில்லை. எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

இரண்டு...

ஒன்று...

சால்வை தட்டையாகப் படிந்தது.

ஐடா அலறினாள்.

“நர்ஸம்மா! யாருகிட்ட பேசிட்டிருக்க?” நோரா அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். தராசுத் தட்டு காலி. மணி இரண்டு இருபத்தொன்று. பெண்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

“சாம்பல் சால்வையா?” என்று பின்னாலிருந்து ஒருத்தி மெல்லக் கேட்டாள்.

“வாயை மூடுடி” என்றாள் நோரா.

மறுநாள் காலை ஏழு பத்து ரயிலுக்கு ஐடா பெட்டியோடு வந்து நின்றாள். ரயில் நிலையச் சுமைகாரர் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

“போன வருஷம் நடுவரா இருந்த டக்வெல் நர்ஸம்மாவையும் இதே ரயில்லதான் ஏத்தினேன். போன மாசம்.”

“அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு சொன்னாங்களே?”

“போனாங்க. சவப்பெட்டியில.” அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் தாழ்ந்தது. “நல்ல பாரி உடம்பு அந்தம்மாவுக்கு. தூக்க நாலு பேரைக் கூட்டிட்டு வந்தோம்...”

ரயில் ஊதியது.

“மூணு பேரு சும்மா நின்னாங்க நர்ஸம்மா. நான் ஒருத்தனே தூக்கி வெச்சேன். ஒரே கையால.”