வெள்ளை அடித்த வேலி

நெடுந்தீவுக்கு வருபவர்கள் ஒல்லாந்தர் கோட்டையைப் பார்ப்பார்கள். புறாக்கூட்டைப் பார்ப்பார்கள். பெருக்கு மரத்தைக் கட்டிப்பிடித்துப் பார்த்துவிட்டுப் படகேறிவிடுவார்கள். எங்கள் வீட்டு வளவு வேலியை ஒருவரும் பார்ப்பதில்லை. அதையும் பார்க்கத்தான் வேண்டும் என்பேன் நான்.

அப்பா இறந்த அடுத்த வருடம், யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார். கோட்டையைத் திருத்திக் கட்டப்போகிறார்களாம். அதன் கற்கள் எங்கள் வேலியில் இருக்கின்றனவாம், திருப்பித் தரவேண்டுமாம். பக்கத்து வளவுச் சித்தப்பா அவருக்குக் குடை பிடித்தபடி நின்றார்.

வேலி முழுவதும் முருகைக்கல், கடற்பவளப் பாறைத் துண்டுகள். கோட்டைக் கல்லும் அதேதான். அதில் பழைய சுண்ணாம்பு ஒட்டியிருப்பது ஒன்றே வித்தியாசம். உத்தியோகத்தர் அப்படிப்பட்ட கற்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். எல்லாம் சித்தப்பாவின் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் இடையில் இருந்தவை. காலையில் வண்டில் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலி போனால் சித்தப்பாவின் வளவுவரை ஓடி விளையாடலாம் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"எல்லை போனால் காணி போச்சு" என்று முணுமுணுத்த அம்மா, அவர்கள் ஒழுங்கை திரும்புமுன்னே சுண்ணாம்பு கரைக்கத் தொடங்கினார். தேங்காய்ப் பொச்சை நசுக்கித் தூரிகையாக்கி என் கையிலும் ஒன்று தந்தார். பொழுதுபடுமுன் வேலி முழுவதும் வெள்ளை. என் மூக்கு வெள்ளை. வந்து உரசிய ஆடும் பாதி வெள்ளை.

காலையில் உத்தியோகத்தர் வேலியோரம் இரண்டு தரம் நடந்தார். சித்தப்பா ஒரு கல்லைக் காட்டினார். பிறகு, அதில்லை இது என்றார்.

"என்ன வேலை செய்து வைச்சிருக்கிறீர்?" என்று உத்தியோகத்தர் அம்மாவைக் கேட்டார்.

"வேலிக்கு வெள்ளை அடிச்சனாங்கள், ஐயா. கோட்டைக் கல்லைத் தெரிஞ்சு எடுங்கோ. பிழைச்சு எங்கட கல்லிலை கை வைச்சியளெண்டால், நான் கோட்டைக்கு வந்து ஒண்டு உருவுவன்."

வண்டில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டைத் தடவினார். வண்டில் வெறுமையாகத் திரும்பியது.

அம்மா வென்ற கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். கோட்டைக் கல் இல்லாத வேலி எங்கள் தீவில் எங்கே இருக்கிறது? சித்தப்பாவின் கிணற்றுக்கட்டே அந்தக் கல்தான். அத்தனையையும் தாண்டி அந்த உத்தியோகத்தர் நேரே எங்கள் எல்லைக்கு எப்படி வந்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அதன்பிறகு சித்தப்பா வந்தால் அம்மா தேத்தண்ணி கொடுப்பதில்லை. சங்கக்கடையில் சீனி கிடைக்காத காலம். அதனால்தானாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.