செயலாளரின் மைக்கை இறக்கிய வயரக்கா

கலை அரங்கத்தில் அவளை எல்லோரும் வயரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக வயர் சுருட்டுகிறாளே, அதனால். பதிவேட்டில் அவள் ஒலிப்பிரிவு உதவியாளர். ஒலியை ஏற்றி இறக்கும் மிக்ஸரை உதவியாளர் தொடக்கூடாது என்பது அரங்க விதி. தொட வேண்டிய தலைமை ஒலி இயக்குநரோ செயலாளரின் மச்சான். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், நாற்காலி அடுக்கும்போதுதான் தலை காட்டுவார். ஆக, அங்கே யார் பாடினாலும் பேசினாலும் ஏற்றி இறக்கியது வயரக்காவின் விரல்தான். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

போன மாதம் மச்சான் ஓய்வு பெற்றார். அந்தப் பதவி இவளுக்கே என்று முடிவானது. ஆனால் உத்தரவைச் சத்தமில்லாமல் கையில் கொடுத்துவிட்டால் செயலாளருக்கு என்ன பெருமை? நான்கு பெண்கள் சேர்ந்த, கிடாரை அலறவிட்டுக் கோபமாகப் பாடும் பெண்ணிய பங்க் இசைக்குழு ஒன்று வரவிருந்தது. அந்த மேடையில், தன் வரவேற்புரையின் முடிவில் கொடுப்பதென்று உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வயரக்காவின் வீட்டுக்காரர் தையல்காரர். அன்று கடையைப் பூட்டிவிட்டு வந்து, படம் எடுக்கப் போனும் கையுமாக முதல் வரிசையில் உட்கார்ந்தார். "வாங்குறப்போ என்னைப் பாரு. அந்த ஆளைப் பாக்காத" என்று சொல்லியிருந்தார்.

நிகழ்ச்சி ஐந்து முதல் ஆறு. பக்கத்தில் பிரசவ ஆஸ்பத்திரி என்பதால் ஆறு அடித்ததும் மேடைக்கு மின்சாரம் நின்றுவிடும்.

மதியம் ஒத்திகையில், தலையை மழித்திருந்த பாட்டுக்காரப் பெண் கேட்டாள். "அக்கா, இங்க சவுண்டு யாரு?"

"நான்தான்." இத்தனை வருஷத்தில் அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை.

"எங்க குரல் கிடாருக்கு மேல கேக்கணும்க்கா. போற இடமெல்லாம் அமுக்கிடுறாங்க."

"கேக்கும்மா. நான் பாத்துக்கிறேன்."

ஐந்து மணிக்குச் செயலாளர் மைக்கைப் பிடித்தார். பெண்கள் பேச வேண்டும் என்று பன்னிரண்டு நிமிடம் பேசினார். அவர்களைப் பேச விட வேண்டும் என்று இன்னொரு பதினைந்து நிமிடம். "சுருக்கமாகச் சொன்னால்" என்றதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பாவம், அங்கிருந்துதான் அவர் ஆரம்பித்தார். மனைவி வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டதால்தான் பெண் விடுதலைக்கு உழைக்க முடிந்தது என்று கண் கலங்கினார். நான்கு பெண்களும் மேடை ஓரத்தில் கிடாரும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

மணி ஐந்து நாற்பது. மொட்டைத் தலைப் பெண் வயரக்காவைப் பார்த்தாள். வயரக்கா செயலாளரின் சட்டைப்பையைப் பார்த்தாள். அந்த உறை அவளுக்கு வேண்டும். வேண்டாம் என்று நடிக்கிற ஆளில்லை அவள். பத்தொன்பது வருஷம் பொறுத்தவள் இன்னும் பத்து நிமிடம் பொறுக்கக்கூடாதா?

செயலாளர் சட்டைப்பையில் கைவிட்டார். "இப்போது ஒரு பெண்ணை இந்த மேடைக்கு அழைக்கப் போகிறேன். அதற்கு முன், நான் எப்படி அவரை உருவாக்கினேன் என்று சொல்லிவிடுகிறேன்."

வயரக்கா அவர் மைக்கை அடியோடு இறக்கினாள்.

வாய் அசைந்தது, சத்தம் இல்லை. அவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். டிரம்ஸ் பெண் நான்கு தட்டுத் தட்டினாள், அவ்வளவுதான், பாட்டு இடித்துக்கொண்டு கிளம்பியது. உன் தட்டை நீயே கழுவு என்பது முதல் பாட்டு. செயலாளர் உறையோடு இறங்கி ஓடினார். மிச்சமிருந்த இருபது நிமிடத்தில் ஒன்பது பாட்டு. ஒரு சொல்கூடக் கிடாருக்குள் அமுங்கவில்லை. வயரக்கா அழுதுகொண்டே விரலை நகர்த்தினாள். சந்தோஷமா, பதவி போன துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை செயலாளர் உத்தரவைக் கிழிக்கப் போனார். "அந்தப் பொம்பளைக்கு மெமோ அடிங்க."

எழுத்தர் தலையைச் சொறிந்தார். "உதவியாளருக்கு எப்படி சார் அடிக்கிறது? அவங்க மிக்ஸரைத் தொடவே கூடாதே. அப்போ நேத்து யாரு இயக்குனாங்கன்னு அரங்கக் கமிட்டி கேக்கும். பத்தொன்பது வருஷமா யாருன்னும் கேக்கும். உங்க மச்சான் பேரு வரும்."

செயலாளர் உத்தரவைக் கிழிக்காமல் மேசையில் வைத்து நீவிவிட்டார். பிறகு வயரக்காவிடம் இரண்டு உறைகள் வந்தன. முதலாவது, நேற்றைய தேதியிட்ட பதவி உத்தரவு. இரண்டாவது, தலைமை ஒலி இயக்குநர் என்ற முறையில் மைக் பழுதானதற்கு விளக்கம் கேட்டு மெமோ.

அவள் நின்றபடியே பதில் எழுதினாள். "மைக் பழுதாகவில்லை. நான்தான் இறக்கினேன்." கீழே கையெழுத்துப் போட்டு, அதன்கீழ் தலைமை ஒலி இயக்குநர் என்று நிறுத்தி நிதானமாக எழுதினாள்.