பிஸ்கட் கஞ்சி

மகள் அந்த வெள்ளைக்கார அம்மாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. கதிரை உறைகளைக் கழற்றித் தோய்த்தேன். காய்ந்ததும் அவை பிடிக்காமல் வேறு உறைகளைப் போட்டேன்.

மகள் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். அழிவு வந்த நாடுகளுக்கு மற்ற நாடுகள் அனுப்பிய மனிதாபிமான உதவியின் வரலாறு. பசித்தவர்களுக்கு எதைக் கொடுப்பது என்று யார், எங்கே இருந்து தீர்மானித்தார்கள் என்பதுதான் அவளுடைய கேள்வி. முதல் பக்கத்தில் தன் சொந்த நினைவொன்றை எழுதியிருந்தாள். சுனாமி வந்தபோது அவளுக்கு நான்கு வயது. சல்லிக் கிராமத்தில் கடலோரம் இருந்த வீடு போய், நாங்கள் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்தோம். அங்கே ஒரு வெள்ளைக்காரத் தாதி தன்னை மடியில் வைத்து இனிப்பான கஞ்சி ஊட்டினாராம்.

அந்தப் பக்கத்தில் நான் இல்லை. திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். ‘கூட்டம்’ என்று ஒரு சொல் இருந்தது. அதற்குள் எங்காவது இருந்திருப்பேன்.

“நீர்தான் ஊட்டினனீர் எண்டு பிள்ளைக்குச் சொல்லுமன்” என்றார் கணவர்.

“கேட்டால் சொல்லுறன்.”

“கச்சேரிக்கு வாற சனம் மாதிரி அவளும் விண்ணப்பம் போட வேணுமோ?”

நான் கச்சேரியில்தான், மாவட்டச் செயலகத்தில், வேலை செய்கிறேன். இப்படி அடிக்கடி குத்துவார். ஆனால் அந்த நாட்களைப் பற்றி நான் யாரோடும் கதைத்ததில்லை. கடல் வந்த காலையில் ஊதியது போலத் துறைமுகத்தில் கப்பல் ஊதினால் இன்றைக்கும் இருந்த இடத்தில் எழும்பிவிடுவேன்.

அந்தத் தாதியை மகள் எப்படியோ தேடிப் பிடித்திருந்தாள். ஓய்வுபெற்றுத் தலை நரைத்து, ஊன்றுகோலோடு வந்தார். மகள் கையைப் பிடித்துப் படியேற்றினாள். அவருக்கு முழங்கால் வலியாம். எனக்கும்தான்.

“அம்மா, கறிக்கு உறைப்பைக் குறைச்சுப் போடுங்கோ.”

“சுனாமி நேரம் இங்க இருந்த காலம் உறைப்புத் தின்னாமலோ இருந்தவ?” என்றேன். மகள் முறைத்தாள்.

ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்கத் தொடங்கினாள். நான் குசினி வாசலில் வெங்காயம் உரித்தபடி இருந்தேன். கஞ்சியைப் பற்றிக் கேட்டபோது அந்த அம்மா தலையை ஆட்டினார்.

நாங்கள் கஞ்சி கொடுக்கவில்லை என்றார். பெட்டி பெட்டியாக வந்தது பிஸ்கட்தான், கல் மாதிரி. உன்னை மடியில் வைத்திருந்தது காதுப் புண்ணுக்கு மருந்து போட. கஞ்சி, தாய்மார் செய்த வேலை. பிஸ்கட்டைத் துணியில் முடிந்து பள்ளிக்கூடப் படியில் குத்தி, தேத்தண்ணிக்குக் கொடுத்த சுடுதண்ணீரில் கரைத்தார்கள். தண்ணீர் வீணாகிறது என்று நான் ஏசினேன், என்றார்.

ஏசியது உண்மை. என் சேலைத் தலைப்பைப் பிடித்துத்தான் ஏசினார். அவருக்கு அது ஞாபகம் இல்லை.

மகள் திரும்பிப் பார்த்தாள். “அம்மா, அது நீங்களோ?”

“ஓம்.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீ கேக்கேல்லை.”

“கேட்டால் எழும்பிப் போயிடுவீங்கள் எண்டு பயந்தனான்.”

கருவியை என் பக்கம் நகர்த்தினாள். இத்தனை நாள் நான் ஏங்கியது அதற்குத்தான். அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஊதியது. நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன்.

மகள் கருவியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். இருங்கோ என்று சொல்லவில்லை. கை சும்மா இருக்கமாட்டாமல், அலுமாரியில் இருந்த பிஸ்கட்டை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்து பின்வாசல் படியில் குத்தத் தொடங்கினேன். குத்தக் குத்தக் கதை வந்தது. கடல் வந்த காலை, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியது, வரிசையில் நின்றது எல்லாம்.

சுடுதண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். நின்றபடியே ஒரு கரண்டி வாயில் வைத்தவள், அதே இனிப்பு என்று இன்னொரு கரண்டி அள்ளினாள்.

“முதல் பக்கத்தை மாத்த வேணும், அம்மா.”

“மாத்து. ஆனா அவவை எடுத்துப் போடாதை. காதுக்கு மருந்து அவதானே போட்டவ.”

சொல்லியிருக்க வேண்டாமோ என்று உடனேயே தோன்றியது. அதற்குள் மகள் கஞ்சிக் கோப்பையோடு அந்த அம்மாவிடம் போய்விட்டாள்.