தண்ணீரைப் பார்க்கும் பெயர்

என் பட்டறைச் சுவரில் ஒரு தூண்டில் கோல் தொங்குகிறது. கறுப்புக் கார்பன் கம்பு, தக்கைப் பிடி, பிடிக்கு ஒரு சாண் மேலே சிவப்பில் என் பெயர். மாடிப்படி ஏறி வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். மீன் பிடிக்கத் தெரிந்தவராக இருந்தால் கையில் எடுத்து, நூல் சுற்றிய ரீலை மாட்டும் பக்கத்தைக் கீழே திருப்பிப் பிடித்துவிட்டு, "பேரு அடியில போயிடுச்சே சார்?" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். போயிடுச்சு, இப்ப அதுக்கு இன்னாங்கிற என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். வாடிக்கையாளராயிற்றே என்று விழுங்கிக்கொண்டு, "ஆமாங்க, அது அப்படித்தான்" என்று வாங்கி மாட்டிவிடுவேன்.

அந்தப் பெயரை ஒட்டியவர் என் அண்ணி. அண்ணன் மனைவி. சாந்தோம் கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில் பிறந்து வளர்ந்தவர். தி. நகரில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் வெகுகாலம் டி.டி.பி. ஆபரேட்டராக இருந்தார். எத்தனையோ மாப்பிள்ளை, பெண் பெயர்களைக் கோத்து, சுற்றிலும் பூவும் கொடியும் வரைந்து கொடுத்த கை அது. எல்லாரும் போனிலேயே பத்திரிகை அனுப்பத் தொடங்கிய பிறகு முதலாளி கடையைச் சுருக்கினார், அண்ணி வீட்டுக்கு வந்துவிட்டார். வீட்டில் இருக்கிற ஆளா அவர்? காய்கறிக்காரர் கொடுக்கிற விலைப்பட்டியலைப் பார்த்துக்கூட, "இந்த எழுத்து இங்க இன்னாத்துக்கு இவ்ளோ தடியா கீது?" என்று கேட்பார். கையில் ஒரு சின்ன ஸ்கேல் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை.

நான் அப்போது தேனாம்பேட்டையில் பார்த்த வேலையை விட்டிருந்தேன். விட்டேன் என்று மரியாதையாகச் சொல்கிறேன். மேலாளரோடு வாய்ச்சண்டை போட்டு, அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். பொழுதுபோக்காகச் செய்துவந்த தூண்டில் கோல் வேலையையே தொழிலாக்கிவிடுவது என்று முடிவு. வெறும் கம்பை வாங்கி, பிடி பொருத்தி, நூல் ஓடும் வளையங்களைக் கட்டி, ஆளின் உயரத்துக்கும் கைவாகுக்கும் ஏற்றபடி செய்து கொடுப்பது. செய்தேன், விற்கவில்லை. மாதக்கணக்கில் அண்ணன் சம்பளத்தில் சோறு தின்றுகொண்டிருந்தேன். அண்ணன் கணக்குக் கேட்காததுதான் இன்னும் உறுத்தியது. அந்தச் சமயத்தில் அடையாற்றிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கடற்கரையில் தூண்டில் போடும் நண்பர்கள் குழு ஒன்றுக்குச் செயலாளர். உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கோல், ஒவ்வொன்றிலும் அவரவர் பெயர் தமிழில், கூடவே ஒரு கொடுவா மீன் சின்னம். ஆண்டுக் கூடுகைக்குள் வேண்டும் என்றார். இது கைக்கு வந்தால் பட்டறை நிற்கும். தவறினால் அதே மேலாளர் முன்னால் போய் அதே அட்டைக்குக் கை நீட்ட வேண்டும்.

கோல் செய்யத் தெரிந்த எனக்கு, அதில் ஒட்டும் பெயர் ஸ்டிக்கர் செய்யத் தெரியவில்லை. வடபழனியிலிருந்த சிநேகிதன், "மச்சி, ஊரே அதைத்தான் வெச்சிருக்கு" என்று பெரிய வடிவமைப்பு மென்பொருள் ஒன்றின் திருட்டுப் பிரதியைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தான். அதை முறையாக வாங்க வேண்டுமென்றால் வாடகை வீடு மாதிரி மாதாமாதம் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். நம்மால் ஆகிற காரியமா? ஆனால் திருட்டுப் பிரதியில் தமிழ் அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் எழுத்து அநாதையாக நின்றது. போனில் இலவசமாகக் கிடைத்த செயலியில் எழுத்து ஒழுங்காக வந்தது, ஆனால் கம்பின் அளவுக்குச் சிறிதாக்கி அச்சடித்தால் கரப்பான் நடந்த மாதிரி ஓரமெல்லாம் பிசிறு. நான் கீபோர்டைக் குத்திக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணி காபியோடு மாடிக்கு வந்தார்.

"இன்னா தம்பி, எழுத்துங்கல்லாம் சண்ட போட்டுகினு தனித்தனியா நிக்குது?"

"கிராக் வெர்ஷன் அண்ணி. அப்படித்தான் வரும்."

"அப்படித்தான் வரும்னா அப்படியே ஒட்டப் போறியா? தள்ளு."

தள்ளினேன். அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் பிறகு அதை எனக்குத் திருப்பித் தரவே இல்லை. முதல் வேலையாகத் திருட்டுப் பிரதியை அழித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் ஸ்கேலால் மேசையைத் தட்டி அச்சகத்துக் கதையைச் சொன்னார். ஒரு முகூர்த்த மாதத்தில் அவர்களுடைய திருட்டுப் பிரதி திடீரென்று பூட்டிக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நிற்கிறார்கள், உள்ளே பத்திரிகை திறக்கவில்லை. அதற்குப் பயந்து முதலாளி வாடகைக்கு எடுத்தார். கடை நொடித்து வாடகையை நிறுத்தினார், அன்றைக்கே இத்தனை வருட வடிவங்களும் கண்ணாடிப் பெட்டிக்குள் போனதுபோல ஆகிவிட்டன. பார்க்கலாம், தொட முடியாது. "நான் போட்ட டிசைன், நானே தொறக்க முடியல. வவுறு எரிஞ்சிட்சி தம்பி" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அண்ணி கலங்கி நான் பார்த்தது அபூர்வம்.

ஆகவே மலிவு என்பதற்கு அண்ணியின் கணக்கு வேறாக இருந்தது. வாங்கும்போது என்ன விலை என்பதை அவர் கடைசியில்தான் கேட்டார். முதல் கேள்வி, காசு கட்டாவிட்டாலும் நம் கோப்பு திறக்குமா? இரண்டாவது, இந்தக் கணினி செத்தாலும் இன்னொன்றில் திறக்குமா? அதற்குப் பிறகுதான் எழுத்து, வண்ணம், விலை எல்லாம். ஒவ்வொரு மென்பொருளாக இறக்கிப் பார்த்தார். சோதனைக்கு எல்லாரும் போடுகிற அழகான மீன் படம் போடவில்லை. குழுவிலேயே வாயில் நுழையாத பெயரை எடுத்துக்கொண்டார், ஸ்ரீயும் ஸ்டோவும் கொம்பும் காலுமாக வருகிற பெயர். அதை நகத்தளவுக்கு அடித்து, காகிதத்தில் அச்செடுத்து, ஒரு பென்சிலைச் சுற்றி ஒட்டி, கையை நீட்டிப் பிடித்துப் படிப்பார். படிக்க முடியவில்லையென்றால் அந்த மென்பொருளுக்கு அத்தோடு விடை. இணையத்திலேயே வேலை செய்கிற ஒன்று அழகாக இருந்தது. "நாலு தூறல் போட்டா நெட்டு போயிடும், அப்போ கொட புடிச்சிகினு உக்காந்திருப்பியா?" என்று அதைத் தள்ளினார். படங்களைத் திருத்துகிற இலவச மென்பொருள் ஒன்றை நான் சிபாரிசு செய்தேன். "அது போட்டோவுக்கு நைனா. போட்டோவ இழுத்தா புள்ளி புள்ளியா பூடும். நமக்கு வோணும்னா கோலம் மாதிரி கோடா வரையறது வோணும். கோலத்த வாசல் அளவுக்குப் போட்டாலும் கோடு கோடுதான், உள்ளங்கையில போட்டாலும் கோடுதான்." இத்தனை சுலபமாக அதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது, யார் யாரோ சேர்ந்து எழுதி உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்திருக்கும் கோட்டு வரைபட மென்பொருள் ஒன்றை. தமிழ் கச்சிதமாக நின்றது. அண்ணனுடைய பழைய மடிக்கணினியிலும் கோப்பு திறந்தது. குறை இல்லாமல் இல்லை. அச்சுக்கு ஏற்ற வண்ணக் கணக்கு அதில் சரியாக வராது. திரையில் செம்பருத்தியாக இருந்த சிவப்பு, அச்சில் செங்கல்லாக வந்தது. அண்ணி அதைப் பஸ் கண்டக்டரைத் திட்டுவதுபோலத் திட்டினார். பிறகு சிவப்பிலேயே பல சாயல்களைக் கட்டம் கட்டமாக வரைந்து, ராயப்பேட்டையில் ஸ்டிக்கர் அச்சடிக்கும் கடைக்கு எடுத்துப் போய், அச்சடித்த தாளில் ஒரு கட்டத்தைத் தொட்டு, "திரையில எப்படி தெரிஞ்சாலும் எனக்குக் கவலயில்ல, இதான் நம்ம சிவப்பு" என்று முடித்தார். கறுப்புக் கம்பில் வண்ணம் மூழ்கிப்போகிறது என்று கண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் அதே வடிவத்தில் ஒரு வெள்ளை அடுக்கு வைத்தார். கம்பின் சுற்றளவில் ஒரு பக்கம்தான் ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் என்பதால், ஆசையாய் வரைந்த பூ, கொடி எல்லாவற்றையும் அவரே வெட்டி எறிந்தார். தன் கையால் வரைந்ததைத் தானே வெட்டுவதற்கு ஒரு மனசு வேண்டும். எனக்கு அது கிடையாது.

இவ்வளவு பார்த்தவர் ஒன்றைப் பார்க்கவில்லை. அண்ணி ஜென்மத்தில் தூண்டில் போட்டதில்லை.

நாங்கள் செய்தது ரீல் கீழே தொங்கும் வகைக் கோல். மீன் பிடிக்கும்போது ரீலும் கீழே இருக்கும், நூல் வளையங்களும் கீழே இருக்கும். பெயர் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் வரவேண்டும், அப்போதுதான் பிடித்திருப்பவர் கண்ணுக்குப் படும். ஆனால் மேசையில் வேலை நடக்கும்போது வளையங்கள் மேலே பார்த்துத்தான் கிடக்கும், கட்டுவதற்கு அதுதான் வசதி. நான் பாரிமுனைக்கு நூல் வாங்கப் போயிருந்த ஒரு நாள், அண்ணி அந்த மேல்பக்கத்திலேயே எல்லாக் கோல்களுக்கும் பெயர் ஒட்டி, அதன்மேல், காய்ந்தால் கண்ணாடியாக இறுகும் எபாக்சிப் பசை பூசி, பூச்சு வழியாமல் இருக்க மெதுவாகச் சுழலும் மோட்டார்களில் ஏற்றிவிட்டார். திரும்பி வந்து கதவைத் திறந்தேன். கோல்கள் சுழன்றுகொண்டிருந்தன. வளையமும் பெயரும் ஒன்றாக மேலே வந்தன, ஒன்றாகக் கீழே போயின. எல்லாக் கோலிலும் அப்படியே. ஐயோ என்று நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தேனாம்பேட்டை மேலாளரின் முகம் கண்முன் வந்து நின்றது.

"இன்னா தம்பி, மூஞ்சி ஏன் இப்பிடிப் போவுது? நல்லால்லயா?" என்றார் அண்ணி. ஓரத்தில் கிடந்த ஒரு கோலை எடுத்து, மீன் பிடிப்பதுபோல அவர் கையில் கொடுத்துப் பிடிக்கவைத்தேன். அவர் கம்பைப் பார்த்தார். வளையங்களைப் பார்த்தார். சுழன்றுகொண்டிருந்தவற்றைப் பார்த்தார்.

"அப்போ அத்தினி பேரும் தண்ணியப் பாத்துகினு இருக்குமா? மீனு படிக்கறதுக்கா ஒட்டினேன் நானு?"

அழுவார் என்று நினைத்தேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். பசை இன்னும் காயவில்லை என்றதும் ஸ்பிரிட்டையும் பஞ்சையும் கேட்டார். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்து, ஸ்டிக்கரை உரித்து, கம்பைப் பழைய கறுப்புக்குக் கொண்டுவந்தோம். கோப்பு கைவசம் இருந்தது, யாரிடமும் சாவி கேட்க வேண்டியதில்லை, அப்போதே ராயப்பேட்டைக்கு மறுபடி அனுப்பினார். பிறகு செயலாளருக்கு அவரே போன் போட்டார். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்தேன், தட்டிவிட்டார். "சார், பேரல்லாம் நான்தான் தப்பான பக்கத்துல ஒட்டிட்டேன். எனக்கு மீன் துன்ன மட்டும்தான் தெரியும். ஒரு நாள் கூட குடுங்க, சரியா வந்துடும்." அந்தப் பக்கம் செயலாளர் சிரித்த சிரிப்பு எனக்குக் கேட்டது. பொய் சொல்லிச் சமாளிக்க நான் நாலு காரணம் யோசித்து வைத்திருந்தேன், ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அண்ணி பீரோ பின்னாலிருந்து இன்னொரு கோலை எடுத்து வந்தார். ஒட்டிப் பழகுவதற்காக, நான் கட்டிவைத்த ஒரு கோலில் முன்பே என் பெயரை ஒட்டி, ஆர்டர் முடிந்ததும் எனக்குக் கொடுக்கலாம் என்று ஒளித்து வைத்திருந்தது. ஊருக்கெல்லாம் கோல் செய்த எனக்கு என் பெயர் போட்ட கோல் ஒன்று அதுவரை கிடையாது. அதிலும் பெயர் அடிப்பக்கம்தான் இருந்தது. பசை கல்லாக இறுகிவிட்டிருந்தது. "உன்னுது மட்டும் இப்படியே கெடக்கட்டும். மீனுக்காவது உன் பேரு தெரியட்டும்" என்று கையில் திணித்தார்.

கூடுகையன்று திருவான்மியூர்க் கடற்கரையில் ஒவ்வொருவரும் தன் கோலை எடுத்து, நீட்டிப் பிடித்து, தன் பெயரைத் தானே படித்துக்கொண்ட காட்சியை அண்ணி மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றபடி பார்த்தார். பட்டறை நின்றது. தேனாம்பேட்டைக்கு நான் போகவே இல்லை. அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் வந்தது. பசை பூசுவதற்கு முன்னால் நான் ரீலை மாட்டி, கடலுக்கு முன் நிற்பதுபோல நிற்க வேண்டும். அண்ணி திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே, "பேரு தெரியுதா?" என்று சத்தம் கொடுப்பார். "தெரியுது அண்ணி" என்று நான் சொன்னால்தான் பசைப் புட்டியைத் திறக்கலாம். சாந்தோம் பிஷப்பே வந்து நின்றாலும் இது மாறாது.

அண்ணி போய்ச் சேர்ந்து கொஞ்ச காலமாகிறது. நோய் என்று படுத்தது சில வாரங்கள்தான். அவர் உட்கார்ந்த கணினியும் இந்த மழைக்காலத்தில் செத்தது. புதியது வாங்கி, அண்ணியின் கோப்புகள் இருந்த பென் டிரைவைச் செருகினேன். திறந்தது. காசு கேட்கவில்லை, கடவுச்சொல் கேட்கவில்லை. கொடுவா மீன், வெள்ளை அடுக்கு, எங்கள் சிவப்பு, கொம்பும் காலும் சேர்ந்து நிற்கும் தமிழ், ஒன்றும் குலையவில்லை. இந்தப் பெண்பிள்ளைக்கு எத்தனை முன்யோசனை என்று திரையின் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கீழே இருந்து அண்ணன் என்ன ஆயிற்று என்று கேட்டான். அண்ணியோட ஃபைல் தொறந்துடுச்சுண்ணா என்றேன். அவன் மேலே வந்து, பார்த்துவிட்டு, இறங்கிப் போனான்.

இப்போது நினைத்தால் என் பெயரை ஒரு மணி நேரத்தில் மறுபடி அச்சடித்துச் சரியான பக்கம் ஒட்டிவிடலாம். வருகிறவர்களின் வாயும் அடங்கும். போன ஞாயிற்றுக்கிழமை அந்த எண்ணத்தோடுதான் கோலைச் சுவரிலிருந்து கழற்றினேன். கழற்றியவன், என்ன தோன்றியதோ, ஒட்டாமல் திருவான்மியூருக்கு எடுத்துப் போனேன். ரீலை மாட்டி, நூலை வீசிவிட்டு நின்றேன். மேலே வெறும் கறுப்புக் கம்பு. பெயர் அடியில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து "பேரு தெரியுதா?" என்று அந்தச் சத்தம் வருகிற நேரம் அது. வரவில்லை.

"தெரியல அண்ணி" என்றேன், சத்தமாகவே.

பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து கோலை இருந்த இடத்திலேயே மாட்டினேன்.