வருத்தம் சார் எழுதிய பதில்

லிஃப்ட் கம்பெனியில் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவரை எல்லோரும் 'வருத்தம் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். 'வீ ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ்', அதாவது உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்ற வரி இல்லாமல் அவர் கடிதம் முடிவது அபூர்வம். ஆனால் கண்ட இடத்தில் அதைப் போடக்கூடாது என்பதில் மனுஷர் கறார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பே எடுப்பார்.

"லிஃப்ட் பாதியில நின்னுச்சா, போடு. மெக்கானிக் லேட்டா வந்தானா, போடு. ஆளுக்கு அடிபட்டா மட்டும் போட்டுடாதே. படிக்கிறவனுக்கு வயிறு எரியும்."

அப்படிப்பட்டவரின் மேஜைக்குத்தான் அவருடைய சொந்த அக்காவின் புகார் வந்து சேர்ந்தது. அக்கா வீட்டுக்காரர், இவருக்கு மாமா, தையல் கடையில் துணி வெட்டுகிறவர். கடை இருக்கும் கட்டடத்தில் இவர்கள் கம்பெனி லிஃப்ட். அதன் கதவு மாமாவின் வலது கைமேல் மூடி, இரண்டு விரல்கள் போய்விட்டன. கத்தரிக்கோல் பிடித்த கை இப்போது டம்ளரைப் பிடிக்கவே தடுமாறுகிறது.

அக்கா போனிலும் சொல்லியிருந்தாள். "காசு கேக்கலடா. கதவு சரியில்லைன்னு வாட்ச்மேன் முன்னாடியே சொல்லியிருக்கான், உங்க ஆளுங்க எட்டிக்கூடப் பாக்கல. இப்ப உங்க மாமாதான் பராக்கு பாத்துக்கிட்டு கைய விட்டுட்டாருன்னு கடையில பேசுறாங்க. அதுதான் அவருக்குத் தாங்கல. தப்பு எங்களோடது, மன்னிச்சிடுங்கன்னு ஒரு வரி போதும். நீதானே எழுதுற?"

"நான் பாத்துக்கிறேன்க்கா" என்று சொல்லித் தொலைத்துவிட்டார்.

அக்கா கேட்டபடியே எழுதி மேனேஜரிடம் நீட்டினார். மேனேஜர் நல்ல மனுஷர்தான், கத்தக்கூட இல்லை. மன்னிப்பு வரியை மட்டும் பேனாவால் அடித்தார்.

"இப்படி எழுதினா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் சார். நாளைக்குக் கோர்ட்ல இதையே நீட்டுவாங்க. உங்க வழக்கமான வரியப் போடுங்க."

"அடிபட்டவங்களுக்கு அதப் போடக்கூடாது சார். அவர் எங்க அக்கா வீட்டுக்காரர்."

"அப்படியா! ரொம்பக் கஷ்டமா இருக்கு. வேணும்னா வேற ஆள எழுதச் சொல்றேன். ஆனா வரி இதுதான்."

வருத்தம் சார் சண்டை போடத் தெரியாத பிறவி. யார் எழுதினாலும் இதேதான் போகப்போகிறது, நாமே எழுதிவிட்டால் மற்றதையாவது பணிவாக எழுதலாம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பாவம்தான், வேறு என்ன செய்வார்? ஆனாலும் கேட்கிற நமக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மனசு கேட்காமல் அக்கா வீட்டுக்குப் போனபோது கடிதம் அவருக்கு முன்னாலேயே வந்திருந்தது. அக்கா மகள் படித்து அர்த்தமும் சொல்லிவிட்டாளாம். மாமா சட்டைப் பொத்தானோடு இடது கையால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "வாப்பா. எனக்கு அசௌகரியமாமே" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

வருத்தம் சார் மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "மன்னிச்சிடுங்க மாமா. தப்பு எங்க கம்பெனியோடதுதான். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதைத்தானேடா எழுதச் சொன்னேன்" என்றாள்.