ரோசலின் பார்க்கும் வாய்கள்

ஒரு குவளைத் தண்ணீரில் குழாயை விட்டு, சளி உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்க்கிறாள் ரோசலின். ஆம்புலன்ஸில் காலை வேலைக்கு ஏறினால் முதல் காரியம் அதுதான், டீகூட அப்புறம்தான். "நேத்துதான பாத்த?" என்பார் டிரைவர் மரியசெல்வம். "நேத்து நீங்களுந்தான் சாப்டீங்க. இன்னைக்கு வேணாமாண்ணே?"

அவளுக்கு வாய் ஓயாது. அடுத்தவர் வாயைப் பார்த்தே பிழைப்பதாகத் தன்னையே கேலி செய்துகொள்வாள். மயங்கிக் கிடப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றுகிறவர்களைக் கண்டால் மட்டும் பேச்சு நின்று முகம் இறுகிவிடும். பாசம்தான், ஆனால் ஆளைக் கொல்லும் பாசம்.

சித்தையன்கோட்டையில் அன்று கருப்பணன் மகளுக்குப் பரிசம். பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த கருப்பணன் இருமி, அப்படியே சாய்ந்துவிட்டார். ரோசலின் போனபோது உதடு நீலம் பாரித்து, தொண்டையில் காற்று கீச்சிட்டுக்கொண்டிருந்தது. யாரோ ஒரு சொம்புத் தண்ணீரை வேறு ஊற்றியிருந்தார்கள்.

ஒருக்களித்துப் படுக்கவைத்துக் குழாயால் உறிஞ்சினாள். தண்ணீரும் சோற்றுப் பருக்கையும் வந்தன. கீச்சுச் சத்தம் இன்னும் மெலிந்தது. மூச்சு வழி இன்னும் அடைபடுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

"பல்செட்டு ஏதும் உண்டா?"

மனைவி சிவனம்மாள் சம்பந்தியம்மாளை ஒரு பார்வை பார்த்தாள். "அதெல்லாம் இல்ல. எல்லாம் சொந்தப் பல்லுதான்."

மேல்வரிசையில் இரண்டு பல்லைக் காணோம். ஈறில் ஒரு சொட்டு ரத்தமும் இல்லை, இப்போது விழுந்த பல் அல்ல. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்கிற பயம் சிவனம்மாளுக்கு. ரோசலின் அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "யக்கா, என் காதுல மட்டும் சொல்லுங்க. ஆளு போயிருவாரு."

"ரெண்டு பல்லு வச்ச தகடு," என்றாள் சிவனம்மாள். "செத்த நேரம் முன்ன வரைக்கும் இருந்துச்சு. மகளுக்குக்கூடத் தெரியாது."

மரியசெல்வம் கூட்டத்தை வாசலுக்குத் தள்ளிவிட்டு வந்து டார்ச் அடித்தார். ரோசலின் தாடையைத் தூக்கி, நாக்கை ஒதுக்கி, நீள இடுக்கியை உள்ளே விட்டாள். ஒருமுறை வழுக்கியது. இன்னும் உள்ளே போனால் அவ்வளவுதான். தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி கவ்வினாள். இளஞ்சிவப்புத் தகடு எச்சிலோடு வெளியே வந்தது. கருப்பணன் மார்பு ஏறி இறங்கியது.

தகட்டின்மேலேயே கையுறையை உருட்டிக் கழற்றி, முடிச்சுப் போட்டு, சிவனம்மாள் கையில் திணித்தாள். "டாக்டர்கிட்ட மட்டும் நாஞ் சொல்லிக்கிறேன்."

ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டியபோது சம்பந்தி வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். கண் விழித்த கருப்பணன் முதலில் செய்தது, ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டதுதான். ரோசலின் அந்தக் கையை எடுத்துவிட்டு மாஸ்க்கை மறுபடி மாட்டினாள். உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற மாஸ்க் அது. அழுத்திப் பிடிக்கிறவள்போல் தன் உள்ளங்கையை அதன்மேல் கவித்து, வண்டிக் கதவு சாத்தும்வரை எடுக்காமலே நடந்தாள்.